மூன்றாவது முத்திரை

மத்திகிரி, ஓசூர்
4 பிப்ரவரி 2024

அன்புள்ள யுவா,

இங்கே எல்லோரும் சுகம். பனி குறைந்ததும் அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் விட்டிருக்கிறது. உனக்கும் நவீனுக்கும் அங்கத்திய குளிர் ஒத்துக்கொண்டதா என்று தினமும் என்னைக் கேட்கிறாள், ஏதோ நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் போல.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. பொங்கலன்று நடந்ததைப் பார்த்துவிட்டு அம்மா சொன்னாள்: "எழுதிக்கோங்கடி ரெண்டு பேரும். எழுதுனா கத்த முடியாதில்ல." அதனால் இந்த மின்னஞ்சல். கடிதமாகவே எழுதுகிறேன்.

ஒரு உதவி வேண்டும். காசு சேகரிப்பவர்கள் உலகமெங்கும் இருந்து நிரப்பும் ஒரு இணையப் பட்டியலுக்கு நான் எட்டு வருஷமாக வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். "அக்காவோட தேஞ்ச காசு" என்பாயே, அதுதான். ஸ்பெயினின் மறுமுத்திரைக் காசுகள் என் பொறுப்பு. நானூறு வருஷத்துக்கு முன் அந்த ஊர் அரசர்களுக்குப் பணமுடை வந்தபோதெல்லாம் செப்புக் காசுகளைத் திரும்ப வரவழைத்து, மேலே புது மதிப்பை ஓங்கி அடித்து, மறுபடி வெளியே விட்டார்கள். சில காசுகள் இரண்டு மூன்று முறைகூட அடி வாங்கின. எந்தக் காசின் மேல் எந்த முத்திரை, எந்த வருஷம், எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி வைப்பது என் வேலை. ஆயிரத்து முந்நூறு பதிவுகள் போட்டிருக்கிறேன். எல்லாம் பிறர் எடுத்த படங்களைப் பார்த்து. ஒன்றையும் கையில் தொட்டதில்லை.

உங்கள் ஊர்ப் பெரிய சதுக்கத்தில் ஞாயிறு காலை காசுச் சந்தை கூடும். ஒருமுறை போய், செப்புக் காசுகள் எதையாவது படம் எடுத்து அனுப்பு. உனக்கென்ன, நடந்து போகிற தூரம்.

அன்புடன்,
சுசித்ரா

மத்ரித்
19 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நவீனுக்கு இருமல், எனக்கு அவர் இருமலைக் கேட்கிற வேலை. மாமா, அம்மா எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

போனேன். கெலமங்கலம் சந்தையில் தக்காளியைக் குவித்து வைத்திருப்பது போல இங்கே காசைக் குவித்து வைத்திருக்கிறார்கள். பிலார் என்று ஒருத்தி, ஐம்பது வயசு இருக்கும், உதட்டில் சிவப்பு, வாயில் சிகரெட். நான் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்ததும், "கண்ணால பாக்கிறதுக்கு மியூசியம் இருக்கு. இங்க கையில எடு" என்றாள். அப்படித்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன், என் ஸ்பானிஷ் இன்னும் காய்கறிக் கடை அளவுதான்.

ஆறு காசு எடுத்தேன். பலகையில் வைத்து ஒரு படம், அப்படியே திருப்பிப் போட்டு மறுபக்கம் ஒரு படம். சரியா? பிசுபிசுவென்று இருந்தது, கை முழுக்க இரும்பு வாசனை. செம்புக்கு ஏன் இரும்பு வாசனை வருகிறது என்று நீதான் சொல்ல வேண்டும், பிசிக்ஸ் படித்தவள்.

யுவா

மத்திகிரி
3 மார்ச் 2024

அன்புள்ள யுவா,

உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். பிலாரின் சிகரெட்டை விட்டுவிட்டுப் படித்தேன். நவீனுக்கு இருமல் நின்றதா?

படங்கள் நன்றாக இருக்கின்றன. ஆறில் நான்கு சாதாரணம், பட்டியலில் ஏற்கெனவே உண்டு. இரண்டை ஏற்றியிருக்கிறேன்.

இனி போனால் ஒன்று கவனி. எங்கள் தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் தகட்டின் மேல் பஞ்ச் என்கிற எஃகு அச்சு இறங்கினால், மேலே பள்ளம் விழுகிற இடத்துக்கு நேர் கீழே தகடு நசுங்கித் தட்டையாகும். காசும் அப்படித்தான். முத்திரை அடித்த இடத்துக்கு நேர் பின்னால், மறுபக்கத்து எழுத்தும் கோடும் நசுங்கி அழிந்திருக்கும். அடிக்காமல் முத்திரையைச் செதுக்கிச் சேர்த்த போலியில் அந்த நசுங்கல் இருக்காது. இதை நான் எழுதிச் சேர்த்த பிறகுதான் பட்டியலின் விதிகளிலேயே வந்தது.

இரும்பு வாசனை எனக்குத் தெரியாது. தொட்டவர்கள் சொல்ல வேண்டும்.

அலமாரியை ஒழிக்கும்போது என் பாஸ்போர்ட் கிடைத்தது. ஜெர்மனிப் பயிற்சிக்காக 2012இல் எடுத்தது. அந்த மாதம்தான் உன் கல்யாணம் குதிர்ந்தது, எனக்குப் பதிலாகக் கூட வேலை செய்யும் சிவராஜ் போனான். பத்து வருஷம் கழித்துக் காலாவதியாகிவிட்டது. ஒரு பக்கத்திலும் ஒரு முத்திரை இல்லை. சும்மா சொன்னேன்.

சுசித்ரா

மத்ரித்
8 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? நவீன் தேறிவிட்டார். தாமதத்துக்கு மன்னித்துவிடு, ஆனால் காரணத்தைக் கேட்டால் சந்தோஷப்படுவாய்.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஐந்து ஞாயிறாக விடாமல் போகிறேன். பட்டியலில் நானே ஒரு கணக்குத் திறந்து, உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நேராகவே ஏற்ற ஆரம்பித்துவிட்டேன். இருபத்து மூன்று பதிவு! தளத்தை நடத்துகிற ஹென்ரிக் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார், 'சந்தைக்கு நடுவே எங்களுக்கு ஒரு கண் கிடைத்திருக்கிறது' என்று. இந்தப் பகுதிக்கு என்னை இணை ஆசிரியராகப் போடலாமா என்றும் கேட்டார். "என் அக்கா இருக்கிறாளே" என்றேன். "அதனால்தான் கேட்கிறேன்" என்றார்.

இன்னொன்று. போன ஞாயிறு பிலாரிடம் ஒரு காசு வாங்கினேன். மூன்று முத்திரை. முதல் இரண்டும் உன் பட்டியலில் சேர்ந்தே வருகின்றன. வலது மேல் ஓரத்தில் இருக்கிற மூன்றாவது அவற்றோடு எங்கேயும் வந்ததில்லை. நாலு நாள் உட்கார்ந்து தேடிவிட்டேன். இரண்டு பக்கப் படத்தோடு நேற்று ஏற்றிவிட்டேன். ஹென்ரிக், "அக்கா சரி என்றால் இது புதுவகை, முதலில் கண்டவர் என்று உங்கள் பெயர் வரும்" என்கிறார். சீக்கிரம் பார், அக்கா!

யுவா

மத்திகிரி
9 ஏப்ரல் 2024

அன்புள்ள யுவா,

இங்கே நலம். நேற்றிரவே பார்த்துவிட்டேன்.

மூன்றாவது முத்திரை முகப்பில் வலது மேல் ஓரம். அதற்கு நேர் பின்னால், மறுபக்கத்தின் வலது கீழ் ஓரத்தில் நசுங்கல் இருக்க வேண்டும். அங்கே காசில் பொறித்திருக்கும் கோட்டைப் படத்தின் கோடுகள் கூர்மையாக நிற்கின்றன. இடது மேல் ஓரத்தில் ஒரு மழுங்கல் தெரிகிறது, அது புழங்கித் தேய்ந்தது. எனவே காசு போலி. பட்டியலில் அப்படியே குறித்துக் காரணமும் எழுதிவிட்டேன். 'நீங்கள் சொன்னால் சரி' என்று ஹென்ரிக் ஐந்து நிமிடத்தில் பதில் போட்டார்.

வருத்தப்படாதே. சந்தையில் ஏமாறுவது சகஜம். கையில் தொடுவது வேறு, பார்க்கத் தெரிவது வேறு. இனி எதையும் ஏற்றுவதற்கு முன் எனக்கு அனுப்பு.

அம்மா உன்னை விசாரித்தாள்.

சுசித்ரா

மத்ரித்
22 ஏப்ரல் 2024

அக்கா,

நலம். நேற்று பிலாரிடம் போய்க் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான் பேசியது கொஞ்சம் அதிகம்தான். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. "உனக்கு இதை யார் சொன்னது?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன்.

ஹென்ரிக்குக்கும் வேண்டாம் என்று எழுதிவிட்டேன். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்கலாம்.

அம்மா மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதானே போடுகிறாள்?

யுவா

மத்திகிரி
26 மே 2024

அன்புள்ள யுவா,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? அம்மா மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகுதான். உன் மாமா கிருஷ்ணகிரிக்குப் போய் ஒரு பெட்டி மல்கோவா வாங்கி வந்தார். நீ இல்லாமல் கொட்டையைச் சப்ப ஆள் இல்லை என்று அம்மா சொன்னாள்.

தொழிற்சாலையில் ஒரு கூத்து. போன செவ்வாய் தகட்டில் அடித்த ஒரு லாட் பிராக்கெட்டில் சிவப்பு அட்டை ஒட்டி நிறுத்தி வைத்தேன். முன்பக்கம் துளை இருக்கிற இடத்துக்குப் பின்னால் பிசிறு இருக்கக் கூடாது, நான் பார்த்த இடத்தில் துளையையே காணோம். பிரஸ் ஆபரேட்டர் ஆஞ்சப்பன் பீஸைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"மேடம், இன்னாத்துக்கு ரிஜெக்ட்டு?"

"துளை இந்தப் பக்கம் வரணும், ஆஞ்சப்பா. அந்தப் பக்கம் இருக்குது பாரு."

"நீங்க கீழ்ந்து மேலுக்குத் திருப்புறீங்கோ. நான் பக்கவாட்டுல திருப்பி வச்சிருந்தேன், அதை நீங்க பாத்துக்கினீங்கோ. ஓட்டை எங்கயும் போவல மேடம். திருப்புற கைதான் மாறிச்சு."

"இருபது வருஷமா எல்லாரும் கீழ்ந்து மேலதான் திருப்புறாங்க."

"எல்லாரும்னா யாரு? இன்ஸ்பெக்ஷன் ரூமுல நீங்க மூணு பேரு. என் பொண்டாட்டி தோசையைப் பக்கவாட்டுலதான் திருப்புறா."

ரூமே சிரித்தது. நானும் சிரித்து அட்டையைக் கிழித்தேன்.

இதை உனக்கு எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே முடங்கிவிடாதே. சந்தைக்கு இல்லாவிட்டாலும் எங்கேயாவது போ.

அன்புடன்,
அக்கா

மத்திகிரி
16 ஜூன் 2024

அன்புள்ள யுவா,

போன கடிதம் கிடைத்ததா? அம்மாவிடம் நீ போனில் பேசுகிறாய் என்று தெரிகிறது. என்னிடம் கொடு என்றால், "எழுதச் சொன்னேனில்ல, எழுதிக்கோ" என்கிறாள். நலமாக இருக்கிறாய் என்று அவள் வழியாகத்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.

இங்கே மழை. மாலையில் சிப்காட் பஸ் மத்திகிரி வருவதற்கு ஒரு மணி நேரம் ஆகிறது. பஸ்ஸில் உட்கார்ந்து உன் பழைய கடிதங்களைப் படித்தேன். நீ நன்றாக எழுதுகிறாய். இதை உன்னிடம் சொன்னதில்லை.

ஒன்று கேட்க வேண்டும், பெரிய விஷயமில்லை. அந்தக் காசுகளைப் படம் எடுக்கும்போது மறுபக்கத்துக்கு எப்படித் திருப்பினாய்? ஞாபகம் இல்லாவிட்டால் பரவாயில்லை.

அக்கா

மத்திகிரி
7 ஜூலை 2024

அன்புள்ள யுவா,

நீ பதில் எழுதவில்லை. எழுத வேண்டாம். நீ நலமாக இருந்தால் போதும். நான் சொல்ல வேண்டியதை மட்டும் படி.

உன் காசு போலி இல்லை.

ஆஞ்சப்பன் பீஸோடு வந்தது மே 21. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் உன் இரண்டு படங்களையும் கணினியில் எடுத்து, மறுபக்கப் படத்தை இடவலமாகத் திருப்பி முகப்பின் மேல் வைத்தேன். புழங்கித் தேய்ந்தது என்று நான் எழுதிய அந்த மழுங்கல் மூன்றாவது முத்திரைக்கு அடியில் மில்லிமீட்டர் பிசகாமல் உட்கார்ந்தது. நீ பக்கவாட்டில் திருப்பியிருக்கிறாய், நான் கீழிருந்து மேலாகத் திருப்பியதாக எடுத்துக்கொண்டேன். எப்படித் திருப்ப வேண்டும் என்று விதிகளில் எழுத வேண்டியவளும் நான்தான். அது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

இது மட்டும் என்றால் தவறு. தவறு யாருக்கும் வரும். தொழிற்சாலையில் ஒரு பீஸை நிறுத்துவதற்கு முன் நான் மூன்று கேள்வி கேட்பேன். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. கேட்டால் காசு சரியென்று ஆகிவிடுமோ என்ற பயம் எனக்கு அன்றிரவே இருந்தது. இடது மேல் ஓரத்து மழுங்கலை நான் பார்த்தேன், யுவா. பார்த்து, அதற்கு வேறு காரணம் தேடி எழுதினேன். 'போலி' என்று குறித்தபின் நிம்மதியாகத் தூங்கினேன்.

எட்டு வருஷம் நான் படத்தில் பார்த்ததை நீ ஐந்து ஞாயிறில் கையில் எடுத்துவிட்டாய். ஹென்ரிக் எனக்கு ஒருநாளும் தனியாக எழுதியதில்லை. நீ ஜெர்மனிக்குக் குறுக்கே வந்தாய் என்று பன்னிரண்டு வருஷமாக மனசுக்குள் ஒரு கணக்கு. உன் கல்யாணத் தேதியை வைத்தது நீ இல்லை என்று தெரிந்தும்தான்.

தெரிந்த பிறகு நாற்பத்தேழு நாள் சும்மா இருந்தேன். மாம்பழம் பற்றி எழுதினேன். எப்படித் திருப்பினாய் என்று பதில் தெரிந்தே கேட்டேன். நீ 'ஞாபகமில்லை' என்று எழுதினால் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான்.

பிலார் அதை இந்நேரம் யாருக்காவது விற்றிருப்பாள். அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை.

சுசித்ரா

மத்ரித்
8 ஜூலை 2024

அக்கா,

நலம். மூன்று தரம் படித்தேன். நவீன், "எதுக்கு அழறே?" என்று கேட்டார். "அழல, சும்மா இரு" என்றேன்.

எனக்குத் தெரியும். ஏப்ரல் 21ஆம் தேதியே தெரியும். நான் கத்தி முடித்ததும் பிலார் அந்தக் காசை என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினாள். முத்திரையின் பள்ளம் ஒரு விரலில், தட்டை இன்னொரு விரலில், நேருக்கு நேர். கண்ணே வேண்டாம். "உன் அக்கா இதுல ஒண்ணையாவது கையில பிடிச்சிருக்காளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சிரிக்கவில்லை.

அன்றே உனக்கு எழுதியிருக்கலாம். ஒரு வரி போதும். எழுதவில்லை. சின்ன வயசிலிருந்து எதைக் கேட்டாலும் அம்மா, "அக்காகிட்ட கேளு, அவளுக்குத் தெரியும்" என்பாள். ஒரு தடவை, ஒரே தடவை, நீ தப்பு என்று நீயே உன் வாயால் சொல்ல வேண்டும், நான் கேட்க வேண்டும் என்று இருந்தது. ஆஞ்சப்பன் கடிதம் வந்ததும் புரிந்துவிட்டது, நெருங்கிவிட்டாய் என்று. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. உனக்கு நாற்பத்தேழு நாள் என்றால் எனக்கு எழுபத்தேழு.

நேற்றும் சந்தைக்குப் போனேன். ஆமாம், ஒரு ஞாயிறுகூட விடவில்லை, தூங்குகிறேன் என்று எழுதியது பொய். காசு இன்னும் பிலாரிடம்தான் இருக்கிறது. நான் கேட்டால் தரமாட்டேன் என்கிறாள். போலி என்று எழுதின கைக்குத்தான் விற்பாளாம், அதுவும் நேரில்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நம் இருவருக்கும் நடுவே நடந்தது இருக்கட்டும், பட்டியலில் என்ன செய்யப் போகிறாய்?

யுவா

மத்திகிரி
21 ஜூலை 2024

அன்புள்ள யுவா,

சுகம். அம்மாவுக்கு முழங்கால் மறுபடி ஆரம்பித்திருக்கிறது, ஆனால் வாய்க்கு ஒன்றும் குறைவில்லை.

உன் எழுபத்தேழு நாளுக்காக உன்மேல் கோபப்படலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். எனக்கு அந்த வசதி இல்லை.

பட்டியலில் காசைத் திரும்ப ஏற்றிவிட்டேன். முதலில் கண்டவர் யுவஸ்ரீ. ஆசிரியருக்குப் பழைய குறிப்பை அழிக்க உரிமை உண்டு, அழித்தால் தடம் இருக்காது. அழிக்கவில்லை. 'போலி, சுசித்ரா, ஏப்ரல் 8' என்பது அப்படியே இருக்கிறது. அதன்மேல், 'உண்மை, பார்த்தவரின் பிழை, சுசித்ரா, ஜூலை 20.' எப்படித் திருப்ப வேண்டும் என்று விதிகளில் ஒரு வரியும் சேர்த்தேன். இணை ஆசிரியர் விஷயமாக ஹென்ரிக்குக்கு நானே எழுதினேன். இந்தமுறை பதில் வர இரண்டு நாள் ஆயிற்று. உனக்கு எழுதுவார்.

நேற்று பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். "எதுக்குடி, இந்த வயசுல எந்த வேலைக்குப் போற?" என்றாள் அம்மா. ஒரு காசு வாங்க என்றேன். "ஒரு காசு வாங்கவா அவ்ளோ தூரம்? சாமல்பட்டிக்குக்கூடத் தனியா ரயில் ஏறினவ இல்ல நீ!" என்று மாமாவைப் பார்த்தாள். மாமா பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். டிசம்பரில் லீவு கேட்டிருக்கிறேன்.

பிலாரிடம் சொல், அந்தக் கை வருகிறது என்று. உனக்கும் ஒன்று சொல்லி வைக்கிறேன். அதை என் விரல்களுக்கு நடுவே வைத்ததும் முதலில் எனக்குச் சந்தோஷம் வராது. எனக்கு முன்னால் நீ தொட்டிருக்கிறாய் என்பதுதான் வரும். முகத்தில் தெரிந்துவிடும். அப்போது கொஞ்ச நேரம் என்னிடம் ஒன்றும் பேசாதே. பக்கத்தில் மட்டும் நில்.

உன்,
அக்கா